கரையோரம் நடந்த புயல்

பெங்களூரில் கடல் இல்லை. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், கீழைக் கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளி அமைந்திருக்கிறது நம் நகரம். ஆயினும் கார்த்திகை மாதத்தில் ஒருநாள் காலை, ஞாயிறு தலைகாட்டாமல், வானம் சாம்பல் பூத்து, மெல்லிய சாரலும் எலும்பைத் தொடும் குளிரும் வந்து சேர்ந்தால், எங்கள் மர்பி டவுனில் உள்ள முதியவர் எவரும் பஞ்சாங்கம் பார்க்க மாட்டார். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, "சென்னைப் பக்கம் புயல் போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டு, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போவார். பெரும்பாலும் அவர் சொல் பிழைபடுவதில்லை. வங்கக் கடலில் சுழலும் புயல் தன் மேகக் குடையின் ஓரத்தை இந்த மேட்டு நிலம் வரையில் விரித்துவிடுகிறது.

அல்சூரை அடுத்த இந்தப் பழைய குடியிருப்பில், தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அவர்களுள் பலருக்கு உடன்பிறந்தாரோ சம்பந்தி வீட்டாரோ சென்னையிலும் கடலூரிலும் புதுச்சேரியிலும் இருக்கின்றனர். ஆகவே, நமக்குச் சாரலாக வருவது அவர்களுக்கு என்னவாக வந்திருக்கிறதோ என்னும் கவலை, குளிரோடு சேர்ந்தே நம் வீடுகளுக்குள் நுழைகிறது. அந்தக் கவலையை ஆற்றிக்கொள்ள நாம் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "புயல் எங்கே கரையைக் கடக்கும்?"

அந்தக் கேள்வி போதாது என்பதைத்தான் இன்று நேயர்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். அதை நான் நூல்களிலிருந்து முதலில் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. வேளச்சேரியில் குடியிருக்கும் என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். மழை விட்டுவிட்டுப் பெய்வதாகவும், மாமியாரை அழைத்துக்கொண்டு மேல்தளத்தில் உள்ளவர் வீட்டிற்குப் போய்விடலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னாள். நான் செய்தியைக் கேட்டிருந்தேன். 'மிக்ஜாம்' என்று பெயர் பெற்ற அந்தப் புயல் ஆந்திரக் கரையில்தான் ஏறும் என்று அறிவித்திருந்தார்கள். "உங்கள் ஊரில் அது கரையைக் கடக்கப் போவதில்லை, அம்மா. வீணாக அலைய வேண்டாம், நிம்மதியாகத் தூங்கு" என்று மூத்தவனுக்குரிய உறுதியோடு சொன்னேன். மறுநாள் விடிவதற்குள் அவர்கள் கூடத்தில் முழங்கால் அளவு நீர் நின்றது. நடக்க இயலாத மாமியாரை, இருட்டில், நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். உயிருக்குத் தீங்கில்லை என்பதே அன்று எங்களுக்குக் கிடைத்த ஆறுதல்.

அறிவிப்பில் பிழை இல்லை. புயல் ஆந்திரக் கரையில்தான் ஏறியது. பிழை, அதை நான் புரிந்துகொண்ட முறையில் இருந்தது.

வங்கக் கடலின் மாரிக்காலப் புயல்கள் வழக்கமாக எவ்வாறு நடந்துகொள்கின்றன என்று முதலில் பார்ப்போம். அந்தமானுக்குத் தெற்கே வெதுவெதுப்பான கடற்பரப்பில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு தோன்றுகிறது. நீராவி மேலெழுந்து குளிர்ந்து மேகமாகும்போது வெளிப்படும் வெப்பம் அதற்கு உணவாகிறது. தாழ்வு, மண்டலமாகி, ஆழ்ந்த மண்டலமாகி, புயலாகிறது. ஆனால் புயலுக்குச் சொந்தக் கால்கள் இல்லை. ஆற்றில் விட்ட தக்கையைப் போல, தன்னைச் சுற்றியுள்ள பெருங்காற்றோட்டம் இழுத்துச் செல்லும் திசையிலேயே அது போகும். மாரிக்காலத்தில் அந்த ஓட்டம் பெரும்பாலும் மேற்கு நோக்கியோ வடமேற்கு நோக்கியோ அமைகிறது. ஆகவே புயல், இலங்கையையோ தமிழகக் கரையையோ நேரே வந்து முட்டும்; நிலத்தில் ஏறியதும், உணவாகிய கடல் நீராவி அற்று, ஓரிரு நாளில் ஓய்ந்துவிடும். சில புயல்கள் நடுக்கடலிலேயே வடகிழக்காகத் திரும்பி, குளிர்ந்த வறண்ட காற்றில் அகப்பட்டு நலிந்து போவதும் உண்டு.

முட்டும் புயலின் கொடுமையைத் தமிழ் மக்கள் அறிவார்கள். 1964ஆம் ஆண்டு மார்கழியில், தெற்கு அந்தமான் கடலில் தோன்றிய புயல் ஒன்று, இலங்கையின் வடபகுதியைக் கடந்து பாக் நீரிணையில் புகுந்தது. டிசம்பர் 22ஆம் நாள் இரவு அது எழுப்பிய பேரலை தனுஷ்கோடியை விழுங்கியது. பாம்பனிலிருந்து அங்கே சென்றுகொண்டிருந்த பயணிகள் ரயில், அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடலில் மறைந்தது. அந்த ஊர் இன்றும் இடிந்த சுவர்களாகவே நிற்கிறது. அத்தகைய நினைவுகள்தாம் "எங்கே கடக்கும்?" என்னும் கேள்வியை நம் நாவில் ஊன்றிவிட்டன. அது நியாயமான கேள்வியே. ஆனால் எல்லாப் புயலுக்கும் அது ஏற்ற கேள்வியன்று.

மிக்ஜாம் முட்ட வரவில்லை; கரையோரமாக நடந்து சென்றது. டிசம்பர் 1ஆம் நாள் தென்கிழக்கு வங்கக் கடலில் மண்டலமாக இருந்தது. 3ஆம் நாள் புயலாயிற்று. வடமேற்காக வந்து, தமிழகக் கரையை நெருங்கியபின் வடக்கே திரும்பியது. கிழக்கே நிலைகொண்டிருந்த உயர் அழுத்தப் பகுதியின் மேற்கு விளிம்பில் காற்று வடக்கு நோக்கி ஓடும். அந்த விளிம்பைப் பற்றிக்கொண்டே புயலும் ஏறியது. 4ஆம் நாள், தீவிரப் புயலாக வலுப்பெற்ற நிலையில், சென்னைக்குக் கிழக்கேயும் வடகிழக்கேயும் நூறு கிலோமீட்டர் அளவுக்குள் அது நகர்ந்துகொண்டிருந்தது. 5ஆம் நாள் பிற்பகலில்தான், ஆந்திரத்தில் பாபட்லாவுக்கு அருகே, மணிக்கு 90 முதல் 100 கிலோமீட்டர் வேகக் காற்றோடு நிலத்தில் ஏறியது.

மார்கழியை நெருங்கும் வேளையில், கரையை இவ்வளவு அணைத்து, இவ்வளவு தூரம், வலுக் குன்றாமல் வடக்கே ஏறும் புயல் அரிது. அதனினும் முக்கியமானது அதன் நடை. மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். மிதிவண்டியில் செல்பவர் அதனை முந்திவிடலாம். சுழலும் காற்றுக்கும் நகரும் நடைக்கும் உள்ள வேற்றுமையை நாம் மறந்துவிடுகிறோம். பம்பரம் வேகமாகச் சுழன்றுகொண்டே ஓரிடத்தில் நிற்பதைப் போல, கடுங்காற்றுடைய புயலும் மெல்ல நகரக்கூடும். அவ்வாறு நகரும் புயல், தன் மழை மேகங்களை ஓர் ஊரின்மீது நிறுத்தி வைத்துவிடுகிறது. கரையை முட்டும் புயலாயின் சில மணி நேரத்தில் கடந்திருக்கும். இதுவோ நடுநிலத்திற்குள் போய் ஓயவும் இல்லை. கடலை விட்டு அகலவும் இல்லை. ஒரு கையைக் கடலில் வைத்து முகந்து, மறு கையால் கரையில் ஊற்றிக்கொண்டே சென்றது.

தமிழில் காற்றுக்கு நான்கு திசையாலும் நான்கு பெயர் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை. நம் பாதி உலகில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. ஆகவே புயல் தென்கிழக்கே இருக்கையில் சென்னையில் நிற்பவருக்கு வாடையும் கொண்டலும் கலந்த காற்று வீசும். நேர் கிழக்கே வந்ததும் முழு வாடையாகும். வடகிழக்கே சென்றபின் அது கோடையின் பக்கம் சாயும். காற்றுக்கு முதுகு காட்டி நின்றால், புயலின் நடுவிடம் இடக்கைப் பக்கத்தில் இருக்கும் என்பது மாலுமிகள் கைக்கொண்ட விதி. கல்கத்தாவில் இருந்து புயல்களை ஆராய்ந்த ஹென்றி பிடிங்டன் என்பவர், பாம்பின் சுருளைப் போல் காற்று சுழல்வதைக் கருதியே 1848இல் 'சைக்ளோன்' என்னும் சொல்லை வழங்கினார். காற்றுத் திசை மாறிவருவதைக் கொண்டு, முட்ட வரும் புயல் எது, பக்கவாட்டில் நடக்கும் புயல் எது என்று கரையில் நிற்பவரும் ஓரளவு உணரலாம்.

இனி, மழைக் கணக்கு. அந்த இரண்டு நாட்களில் சென்னையின் பல பகுதிகளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. 40 சென்டிமீட்டர் என்றால் முழங்காலளவுகூட இல்லையே என்று தோன்றும். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் அந்த அளவு பெய்தால், விழும் நீர் 40 கோடி லிட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். முழுப் பரப்பிலும் சீராகப் பெய்ததாக வைத்துக்கொண்டால், அது ஏறத்தாழ 600 கோடி கன அடி ஆகும். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி வழியும்போது அதில் நிற்கும் நீர் 364 கோடி கன அடிதான். அஃதாவது, ஒன்றரைச் செம்பரம்பாக்கத்தை இரண்டு நாளில் நகரின்மேல் கவிழ்த்ததற்கு ஒப்பு.

இந்த நீர் போக வேண்டிய இடம் கடல். அடையாறு, கூவம், கொசத்தலையாறு ஆகிய மூன்றும், பக்கிங்காம் கால்வாயும், எண்ணற்ற வடிகால்களும் அங்கேதான் செல்கின்றன. ஆனால் புயல் கரையோரமாக நிற்கும்போது கடலும் அமைதியாக இருப்பதில்லை. அலை உயர்ந்து, முகத்துவாரங்களில் நீர் தடித்து நின்று, ஆற்று வெள்ளத்தை எளிதில் ஏற்க மறுக்கிறது. வாசற்கதவு அடைபட்ட வீட்டில் கூரையும் ஒழுகினால் எவ்வாறு இருக்கும்? சென்னைக்கு நேர்ந்தது அதுதான். விமான நிலையத்தின் ஓடுபாதையில் நீர் நின்றது. அங்கே இறங்க வேண்டிய விமானங்கள் பல நம் பெங்களூருக்குத் திருப்பி விடப்பட்டன. இரு நகரங்களுக்கும் இடையேயான ரயில்களும் நின்றன. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர், வியாசர்பாடி முதலிய பகுதிகளில் மக்கள் படகில் மீட்கப்பட்டனர். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், நீர் வந்து தங்கி, மெல்ல வடிவதற்கென்று இயற்கை அமைத்த இடம். அதன் பெரும்பகுதி கட்டடங்களாகவும் சாலைகளாகவும் மாறிய பின்னரே, எஞ்சிய பகுதி 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம் பெற்றது. நீர் தன் பழைய முகவரியை மறப்பதில்லை. அந்த முகவரியில் இப்போது குடியிருப்பவர்களுள் என் தங்கையும் ஒருத்தி.

"இது ஒரு தனிப் புயலின் கதை, இதைக்கொண்டு பொது விதி கூறலாமா?" என்று நேயர்கள் வினவக்கூடும். அதே மாதத்தில் நிகழ்ந்த வேறொன்றைக் கேளுங்கள். டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில், வீடுகளில் மார்கழிக் கோலம் தொடங்கிய வேளையில், தென் மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. திருச்செந்தூரை அடுத்த காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தாமிரபரணி பெருகியது, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கினர். அன்று கடலில் புயல் இல்லை. பெயரிடப்பட்ட எதுவும் கரையைக் கடக்கவும் இல்லை. மேலடுக்கில் இருந்த காற்றுச் சுழற்சி ஒன்றே அவ்வளவையும் செய்தது.

கடந்துவிட்டதாலும் தீங்கு முடிவதில்லை. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. "கடந்துவிட்டது" என்று பலரும் மூச்சு விட்டனர். ஆனால் வலுவிழந்த அந்தப் புயல் உள்நாட்டில் தயங்கித் தயங்கி நகர்ந்து, கடலே காணாத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழையைப் பெய்தது. ஊத்தங்கரை நம் ஊரிலிருந்து 150 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவிலேயே உள்ளது. தென்பெண்ணை பெருகி, சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவு நீர் திறக்கப்பட்டு, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றோர ஊர்கள் மூழ்கின. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயலோ, இலங்கையின் மலையகத்தில் மண்சரிவுகளால் நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறித்துவிட்டு, தமிழகக் கரையோரமாக வடக்கே ஏறி, வலுவிழந்த நிலையிலும் சென்னைப் பகுதிக்கு மழையைக் கொடுத்தது.

அந்தத் தென்பெண்ணையைப் பற்றி மர்பி டவுன் நேயர்களுக்கு ஒரு சொல். நம் தெருவில் விழும் மழை நீர், வடிகால் வழியே பெல்லந்தூர் ஏரிக்கும், அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும், பின்னர்த் தென்பெண்ணைக்கும் செல்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று இறங்கி, கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. புயல் நமக்குச் சாரலை அனுப்புகிறது. நாம் நம் நீரைப் புயல் பிறக்கும் கடலுக்கு அனுப்புகிறோம். இந்தப் பாதையில் எங்கே அடைப்பு ஏற்பட்டாலும் யாரோ ஒருவருடைய கூடத்தில் நீர் நிற்கும். தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமாயிற்று; சம்பங்கி ஏரி கண்டீரவ விளையாட்டரங்கமாயிற்று. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர்ப் பக்கத்தில் மக்கள் டிராக்டர் ஏறி அலுவலகம் சென்றதை நாம் கண்டோம். கடல் இல்லாத ஊர் என்பதால் நமக்குப் பாடம் இல்லை என்று எண்ணிவிடலாகாது.

அப்படியானால், புயல் அறிவிப்பைக் கேட்கும்போது நாம் எதைக் கேட்க வேண்டும்? எங்கே கடக்கும் என்பதோடு வேறு மூன்று கேள்விகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலாவது, அது எவ்வளவு விரைவாக நகர்கிறது? வானிலைத் துறையின் செய்தியில் காற்றின் வேகத்தோடு புயல் நகரும் வேகமும் சொல்லப்படுகிறது. காற்றின் வேகத்தைக் கேட்டு அஞ்சும் நாம், நகரும் வேகத்தைக் காதில் வாங்குவதில்லை. மெல்ல நகரும் புயல் நீண்ட மழை.

இரண்டாவது, மழை எவ்வளவு? 'கனமழை' என்பது 6.5 சென்டிமீட்டரிலும், 'மிகக் கனமழை' என்பது ஏறத்தாழ 11.5 சென்டிமீட்டரிலும் தொடங்குகின்றன. 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் 'அதி கனமழை'. இவை அலங்காரச் சொற்கள் அல்ல, அளவுச் சொற்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு வெள்ளத்தின் உயரம் இருக்கிறது.

மூன்றாவது, நம் வீட்டைச் சுற்றி விழும் நீர் எங்கே போகும்? இதற்கு விடை எந்த அறிவிப்பிலும் வராது. அதைத் தெருவில் உள்ள மூத்தவர்களிடமும், ஊரின் பழைய பெயர்களிடமும், சென்ற வெள்ளம் சுவரில் விட்டுச் சென்ற கறையிடமும் கேட்டு அறிய வேண்டும். மழைக்கு முன்னதாகவே அறிய வேண்டும்.

இக்காலத்தில் நமக்குக் கிடைத்துள்ள முன்னறிவிப்பு எளிய பேறன்று. 1977 நவம்பரில் ஆந்திரத்தின் திவிசீமையைத் தாக்கிய புயலில் மாண்டவர்கள் பதினாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அதே கரைப் பகுதியில், 2023இல், செயற்கைக்கோளும் ராடாரும் மிக்ஜாமை நாட்கணக்கில் பின்தொடர்ந்து கூறியதால், கரையோர மக்கள் முன்னரே வெளியேற்றப்பட்டனர். புயல் எங்கே போகும் என்பதை அறிவியல் நமக்குப் பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. நீர் எங்கே போகும் என்பதை நாம்தான் அறிந்து வைத்திருக்க வேண்டும்.

என் தங்கை இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். கூடத்துச் சுவரில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், அந்த வெள்ளத்தின் கோடு வெள்ளையடித்த பின்னும் மங்கலாகத் தெரிகிறது. மழைக்காலம் தொடங்கியதும், அரிசியும் ஆவணங்களும் அந்தக் கோட்டிற்கு மேலே ஏறிவிடுகின்றன. மாமியாரின் கட்டில் மாடி வீட்டாரிடம் போய்விடுகிறது. சென்ற கார்த்திகையில் மர்பி டவுனில் சாரல் விழுந்த ஒரு காலையில் அவளை அழைத்தேன். புயல் எங்கே கடக்கும் என்று நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. "கால்வாயில் தண்ணீர் ஓடுகிறதா, நிற்கிறதா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஓடுகிறது, அண்ணா" என்றாள்.

அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.